வெள்ளிக்கிழமை மேயர்

நெடுங்காடு
29-9-2025

அன்பு மிக்க உங்களுக்கு,

இங்கே நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். வெள்ளிதோறும் உங்கள் குரலைக் கேட்கிறேன். நலமாக இருப்பது போல்தான் இருக்கிறது. அந்தப் 'போல்' என்பதை அடிக்காமல் விடுகிறேன்.

ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் ஸ்பீக்கரில் போடுவீர்கள். உங்கள் அறையில் இருக்கும் மற்ற மூவரும் கேட்பார்கள். இது முதலில் உங்களுக்கு மட்டும். கூட இருக்கும் இரண்டாவது தாள் அவர்களுக்கு. தலத்தெரு கைலாசநாதன் அண்ணன் விடுப்பு முடிந்து புதன்கிழமை தோஹா திரும்புகிறார். அவரிடம் கொடுக்கிறேன். முறுக்கும் இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு முறுக்கைப் பிரியுங்கள்.

ஊர்ச் செய்தி. வாய்க்காலில் நான்கு நாள் தண்ணீர் வருகிறது, மூன்று நாள் நிற்கிறது. மாமா மேட்டு வயலில் நேரடி விதைப்பு முடித்துவிட்டார். முழங்கால் வலி குறையவில்லை. வயலுக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். "தண்ணி உட யாரு போவா, டாக்டரா?" என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்திருக்கிறார். கொல்லைப்புற ஓடு மாற்றியாகிவிட்டது. மழைக்கு முன் முடிந்ததில் நிம்மதி.

இனி விஷயம்.

நீங்கள் பதினெட்டாம் தேதி அனுப்பிய செய்தியைப் பல முறை படித்தேன். குரலில் சொல்லவில்லை. தட்டச்சு செய்திருந்தீர்கள். நீங்கள் தட்டச்சு செய்தால் யாரும் கேட்கக் கூடாத விஷயம் என்று பொருள். 'ஒரு தாள் போதும். அலுவலகத் தலைப்புத் தாள். கீழே மேயர் என்று போட்டு முத்திரை குத்தி அனுப்பு. உன்னால் முடியும்.'

என்னால் முடியுமா என்று பத்து நாள் யோசித்தேன். யோசித்ததை எழுதுகிறேன்.

இது தொடங்கியது மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. உங்கள் அறையில் அரசாங்கங்களைப் பற்றிப் பேச்சு. கென்யாக்காரர் ஒட்டியேனோ, தன் நாட்டில் வரிச் சட்டத்தை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே போனதைச் சொன்னார். இலங்கை நிமல், ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் தானும் குளித்ததாகச் சொன்னார். தண்ணீர் சுத்தமாக இல்லை என்று குறையும் பட்டுக்கொண்டார். நேபாளத்துத் தில் பகதூர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். உங்கள் முறை வந்தது. உங்கள் ஊரில் என்ன நடந்தது?

எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. என் மனைவி மேரியில் இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள்.

மேரி. காரைக்கால் எல்லையைத் தாண்டினால் யாருக்கும் புரியாத சொல். பிரெஞ்சுக்காரர்கள் போய் எழுபது வருடம் ஆகிவிட்டது. மாமா இன்னும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தை மேரி என்றுதான் சொல்கிறார். அவரிடமிருந்து உங்கள் வாய்க்கு வந்த சொல். அறை அதை மேயர் என்று கேட்டது.

மறுநாள் திருத்திச் சொல்லத்தான் போனீர்களாம். அதற்குள் ஒட்டியேனோ கீழ்க் கட்டிலை உங்களுக்கு விட்டுக்கொடுத்து, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். மேயரின் கணவர் ஏணியில் ஏறக் கூடாதாம். இதைச் சொல்லி நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பக்கத்து மேசை அமுதத்திடம் சொன்னேன். அன்று முதல் அவள் தினமும், "மேயரம்மா வந்துட்டாங்க, நாற்காலிய தொடச்சி வெக்கவா?" என்கிறாள். மாமாவிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மேரின்னா ஆபீசும்மா. ஆளு கெடையாது" என்றார். சொல்லின் பொருளைத்தான் விளக்கினார். எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

பிறகு வெள்ளிதோறும் கேள்விகள் வரத் தொடங்கின. மேயருக்கு.

நிமல் கேட்டார், மேயருக்கு முன்னால் எத்தனை வண்டி போகும் என்று. நான் ஏழு நாற்பது பேருந்தில் போகிறேன், பெரும்பாலும் நின்றுகொண்டு என்றேன். அது பொய்யில்லை. அறை கைதட்டியதாகச் சொன்னீர்கள். ஒட்டியேனோ கேட்டார், பட்ஜெட்டைப் பாமரருக்குப் புரியும் மொழியில் எங்கே ஒட்டிவைப்பீர்கள் என்று. அவர் ஊரில் பிள்ளைகள் அந்தச் சட்டத்தைத் தங்கள் தங்கள் மொழிகளில் பெயர்த்து ஃபோனுக்கு ஃபோன் அனுப்பினார்களாம். நான் எங்கள் அறிவிப்புப் பலகையைப் போய்ப் பார்த்தேன். காணாமல் போன கன்றுக்குட்டி ஒன்றைப் பற்றிய தாள் இருந்தது. பதிலுக்கு நல்ல யோசனை, பரிசீலிக்கிறேன் என்றேன். மேயர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். தில் பகதூர் நான்கு மாதத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆட்கள் வந்து கூப்பிட்டால் மேயர் வாசலுக்கு வருவாரா? வருவேன் என்றேன். அதுவும் பொய்யில்லை. படி ஏற முடியாதவர்களுக்கு நான்தான் படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே போகிறேன்.

உங்களுக்குத் தெரியும், எம்.ஏ.வில் உள்ளாட்சி பற்றி எண்பது பக்கம் எழுதினேன். மக்கள் என்ற சொல் அதில் முந்நூறு இடத்தில் வந்திருக்கும். ஒரு மனிதர்கூட அதைப் படித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. தோஹாவில் ஓர் அறையில், வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு மூன்று பேர் கேட்டார்கள். அதனால்தான் நானும் திருத்தவில்லை. பிடித்திருந்தது. பழியை உங்கள் மேல் மட்டும் போட மாட்டேன்.

பிறகு இந்த மாதம் எட்டாம் தேதி. காத்மாண்டு.

தில் பகதூரின் தம்பி சுமனுக்குப் பத்தொன்பது வயது என்று சொன்னீர்கள். கல்லூரிச் சீருடையோடு அரசாங்கத்தை எதிர்த்த ஊர்வலத்துக்குப் போனவனைச் சுட்டுவிட்டார்கள் என்றும். அந்தச் செய்தியை நீங்கள் சொல்லி முடித்ததும் அறையில் குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்து அணைக்கவில்லை. விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மெசேஜை நான் அழிக்கவில்லை.

தாய் தகப்பன் இறந்தால்தான் கம்பெனி விடுப்பு. தம்பி பட்டியலில் இல்லை. மேனேஜர் இந்தியர், ஓர் இந்திய மேயர் சிபாரிசு செய்தால் மறுக்க மாட்டார் என்று ஒட்டியேனோவும் நிமலும் முடிவு செய்திருக்கிறார்கள். நாற்பத்தைந்தாம் நாள் சடங்குக்காவது தில் பகதூர் ஊர் போய்ச் சேர வேண்டும். அது அடுத்த மாதம் இருபத்திரண்டு.

உங்கள் செய்தியில் நீங்கள் எழுதாத ஒன்றும் இருந்தது. நான் படித்தேன்.

மாசியில் அத்தை இறந்தபோது கம்பெனி கேட்டது ஒரு தாள். இறப்புச் சான்று. அதைத் தட்டச்சு செய்கிறவள் உங்கள் மனைவி. முத்திரை என் மேசை இழுப்பறையில். கையொப்பமிட வேண்டியவர் மகள் திருமணத்துக்கு வெளியூர் போயிருந்தார். கையொப்பம் இல்லாமல் குத்த மாட்டேன் என்றேன். நீங்கள் வற்புறுத்தவில்லை. "சரி, உடு" என்றீர்கள். சான்று என் கைக்கு வந்தது கருமாதிக்கு மறுநாள். எல்லாம் முடிந்த பிறகு எதற்குப் போகிறாய் என்று கம்பெனி கேட்டது.

அத்தையை வாசலில் கிடத்தியிருந்தபோது நான்தான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் ஆடியது. "பரவால்ல, தெரியுது" என்றீர்கள். தெரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

எனவே இந்த முறை முயன்றேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

வியாழக்கிழமை மதியம். அமுதம் சாப்பிடப் போயிருந்தாள். தலைப்புத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணினியில் அடித்தேன். கீழே வெண்மதி. அதற்குக் கீழே மேயர். திரையில் பார்க்க நன்றாக இருந்தது. மறைக்கப் போவதில்லை. இழுப்பறையில் இருப்பது ஆணையர் முத்திரை. அதில் மேயரும் இல்லை, தலைவரும் இல்லை. கூட்ட அறைக்குப் போனேன். அங்கே தலைவர் நாற்காலி இருக்கிறது, மேலே வாக்காளர் பட்டியல் கட்டுகள். பின்னால் அலமாரியின் அடித்தட்டில் பழைய தலைவர் முத்திரை கிடைத்தது. கடைசியாக நடந்த உள்ளாட்சித் தேர்தல் காலத்தது. ரப்பர் கல்லாகியிருந்தது. கழிவுத் தாள் ஒன்றில் குத்திப் பார்த்தேன். தலைவர் என்பதில் 'லை' மட்டும் விழுந்தது.

மறுபடியும் மையைத் தொட்டேன். அமுதம் வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "ஏண்டி, இன்னும் வெளையாட்டா? போலித் தாளுன்னு அங்க கண்டுபுடிச்சா உள்ள தள்றது ஒன்னயா? அந்தப் புள்ளையத்தான்டி" என்றாள். முத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு டப்பாவைத் திறந்து பாதிச் சோற்றை என் பக்கம் தள்ளினாள்.

நான் தில் பகதூரை நினைக்கவே இல்லை என்று அப்போது புரிந்தது. உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று குத்தாத முத்திரையை இன்று குத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெள்ளி. அந்த மெசேஜ் நினைவிருக்கும். முதல் முறையாக மேயராக இல்லாமல், என் வேலையிலிருந்து ஒரு கேள்வி கேட்டேன். இறப்புப் பதிவு செய்கிறவள் முதலில் கேட்பது. தம்பியின் இறப்பை எங்கே பதிந்தீர்கள்? யார் கையொப்பம் போட்டார்?

நீங்கள் மொழிபெயர்த்தீர்கள். தில் பகதூர் பதில் சொன்னார். அவர் ஊரில் வார்டு அலுவலகம் இருக்கிறது. வார்டுத் தலைவி ஒருவர், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், இவருக்குச் சித்தி முறை. சுமனைத் தூக்கி வளர்த்தவர். நீங்கள் மொழிபெயர்க்கும் முன்பே அவர் பேச்சில் ஒரு சொல் எனக்குப் புரிந்துவிட்டது. சிஃபாரிஸ். வார்டுத் தலைவி எழுதிக் கொடுக்கும் தாளுக்கு அங்கே அதுதான் பெயராம். நம் சிபாரிசு.

மேரி என்ற சொல் கடல் தாண்டியதும் பொய்யாகிவிட்டது. இந்தச் சொல் அப்படியே வந்து சேர்ந்தது.

வழியை இரண்டாவது தாளில் எழுதியிருக்கிறேன். அதை அறையில் எல்லோரும் இருக்கும்போது படியுங்கள். மழுப்ப வேண்டாம். நிமலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் காதால் கேட்டால் நன்றாகப் புரியும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் கீழ்க் கட்டிலை ஒட்டியேனோவிடம் திருப்பிக் கொடுங்கள். அவருக்கு இடுப்பு வலி என்று ஜூனில் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை.

உங்களுக்கு வெட்கமாக இருக்கும். எனக்கும் இருக்கிறது. பாதிப் பாதி.

அன்புடன்,
வெண்மதி


(இரண்டாவது தாள். அன்பழகன் படிக்க, நிமல் அண்ணன் சரிபார்க்க.)

அறையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் மேயர் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு, இறப்புச் சான்றுகளைத் தட்டச்சு செய்கிற தினக்கூலி ஊழியர். எங்கள் ஊரில் அலுவலகத்தை மேரி என்பார்கள். என் கணவர் அதைத்தான் சொன்னார். நீங்கள் வேறாகக் கேட்டது உங்கள் தவறில்லை. நாங்கள் இருவரும் திருத்தாமல் இருந்தது எங்கள் தவறு. மன்னியுங்கள்.

ஒட்டியேனோ அண்ணன், நான் தவறு செய்தால் மக்கள் என்னை எப்படி நீக்குவார்கள் என்று கேட்டீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டு என்றேன். எங்கள் கொம்யூனில் கடைசியாக அந்த ஓட்டு நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. சுவரில் வரைந்த பூட்டுச் சின்னம் எங்கள் தெருவில் இன்னும் பாதி தெரிகிறது. பிறகு நடக்கவில்லை. பெரிய தேர்தல்களுக்கு விரலில் மை வைத்திருக்கிறேன். இதற்கு ஒரு முறைகூட இல்லை. நீங்கள் சொன்ன பட்ஜெட் யோசனையை நான் பரிசீலிக்கவில்லை. எனக்கு அந்த அதிகாரம் இல்லை. கன்றுக்குட்டித் தாளுக்குப் பக்கத்தில், என்னென்ன சான்றுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று எளிய தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆணையர் பார்த்தார். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இதுதான் உங்களால் எங்கள் ஊரில் நடந்த சீர்திருத்தம்.

நிமல் அண்ணன், எனக்கு முன்னால் வண்டி எதுவும் போவதில்லை. பின்னாலும் இல்லை. பேருந்து மட்டும் உண்மை.

நான்கு மாதமாகப் பெரிய விஷயங்களைப் பேசினோம். யார் ஆள வேண்டும், யாரை இறக்க வேண்டும். உங்கள் நாடுகளில் விரட்டினீர்கள். அதற்கு உயிர்களும் கொடுத்தீர்கள். எங்கள் கொம்யூனில் விரட்டுவதற்கு ஆளும் இல்லை, கோபப்பட ஒரு முகமும் இல்லை. எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். என் மேசையிலிருந்து பார்த்தால் அரசாங்கம் ஒரு தாள். அது வேண்டிய நாளில் வந்ததா? அதன் அடியில் இருக்கும் பெயரை நாம் தேர்ந்தெடுத்தோமா? எனக்குத் தெரிந்தது இந்த இரண்டு கேள்விதான்.

தில் தம்பி, உங்களுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. உங்கள் சித்தியின் ஃபோன் எண் உங்களிடம் இருக்கிறது. அவரிடம் மூன்று கேளுங்கள். சுமனின் இறப்புப் பதிவு. நீங்கள் அண்ணன் என்ற உறவுச் சான்று. நாற்பத்தைந்தாம் நாளுக்கு மூத்த மகன் வந்தே ஆக வேண்டும், அம்மா தனியாக இருக்கிறார் என்று அவர் கையொப்பமிட்ட சிஃபாரிஸ். முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கொண்டுபோய் உங்கள் தூதரகத்தில், தொழிலாளர் பிரிவில், கம்பெனிக்கு ஒரு கடிதம் கேளுங்கள். ஒட்டியேனோ அண்ணன் கூடப் போகட்டும். பேச அவர் சரியான ஆள். மூன்று வாரம் இருக்கிறது. கம்பெனி கட்டாயம் சம்மதிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாள்களில் ஒரு பொய்யும் இருக்காது. யாரும் உங்களை அதற்காகப் பிடித்து வைக்க முடியாது.

வாசலுக்கு வருவீர்களா என்று கேட்டீர்கள், தம்பி. உங்கள் சித்தி வருவார். நானும் வருவேன். அதற்கு மேயராக இருக்க வேண்டியதில்லை.

சுமனை எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டோம். என் மாமனார் மாலையில் விளக்கு ஏற்றும்போது பெயரைக் கேட்டார். சொன்னேன்.

இனியும் கேள்வி இருந்தால் வெள்ளிக்கிழமை அனுப்புங்கள். தெரிந்தால் சொல்கிறேன்.

உங்கள் சகோதரி,
வெண்மதி
பிறப்பு, இறப்புப் பிரிவு


(தாளின் பின்பக்கம்)

இந்தப் பக்கம் உங்களுக்கு. வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.

உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. மடிப்பு கலையாமல் எடுங்கள். அத்தையின் இறப்புச் சான்று. அசல். இத்தனை மாதம் பீரோவில் அத்தையின் மாம்பழக் கலர் புடவைக்கு அடியில் இருந்தது. நீங்கள் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

பெயர் சொர்ணாம்பாள். ஒற்று எழுத்துகளை இரண்டு முறை சரிபார்த்தேன். தகவல் தந்தவர் சுப்பையன், நம் மாமாதான். தட்டச்சு செய்தவர் பெயருக்கு அதில் இடம் இல்லை. கையொப்பம் இருக்கிறது. முத்திரை நான் குத்தியது. வட்டம் முழுதாக விழுந்திருக்கிறது, ஓர் எழுத்துகூட விட்டுப்போகவில்லை.

அன்று தாமதமாக வந்த தாள்தான். ஆனால் மாசியில் முதல் வருடத் திவசம். தாய்க்கு மகன் செய்ய வேண்டியது. பட்டியலில் தாய் இருக்கிறாள். மாமா தேதி கேட்டு வைத்திருக்கிறார், தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். இன்றே விண்ணப்பம் கொடுங்கள். ஐந்து மாதம் இருக்கிறது.

தில் தம்பி புறப்படும் அன்று விமான நிலையம் வரை போங்கள். அவர் பெட்டியைத் தூக்கி வையுங்கள். எவ்வளவு கனம் என்று பாருங்கள்.

வந்து சேருங்கள். இந்த முறை படம் ஆடாது.

வெண்மதி